ரெஜினாள் போட்ட சட்டம்

இரண்டு பூட்டும் தொங்கிக்கொண்டிருந்தன. பாங்கில் இரவுக் காவல் டூட்டி முடிந்து வீட்டுக்குள் வந்த இன்னாசிமுத்து கதவைச் சாத்தித் தாழிட்டு, பெல்ட்டில் இருந்த ஆறு தோட்டாக்களையும் உருவிப் பீரோவின் உள்ளறையில் வைத்துப் பூட்டி, பீரோச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தோளில் துப்பாக்கியோடு படுக்கையறைச் சுவரில் போல்ட் போட்டு முடுக்கியிருந்த ஆளுயர இரும்புப் பெட்டியின் முன்னால் வந்து நின்று, மேல் பூட்டைத் தன் சாவியால் திறந்த பிறகுதான் கீழ்ப் பூட்டுக்கு உரியவள் வீட்டில் இல்லை என்பது உறைத்தது. மேல் பூட்டு அவனுடையது, கீழ்ப் பூட்டு ரெஜினாளுடையது. அவள் சாவி எங்கே இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. பாங்கில் பெட்டக அறை நம்பரைக் கேஷியர் சுழற்றும்போது காவல்காரன் முகத்தைத் திருப்பிக்கொள்வது வழக்கம், அதே வழக்கத்தில் ரெஜினாள் சாவியை எடுக்கும்போதும் அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான், அவள் பூட்டி முடித்து ‘ம்’ என்று சொன்ன பிறகுதான் திரும்புவான். ‘ரெஜினா’ என்று கூப்பிட்டுப் பார்த்தான். போன் போட்டான், அது அடுப்படி அலமாரியில் சார்ஜில் கிடந்து மாதா பாட்டுப் பாடியது. சரி, வருவாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, துப்பாக்கியை உறையோடு மடியில் கிடத்திக்கொண்டான். எதிரே பெட்டி, அதற்குள் எண்ணெய்த் துணியும் சுத்தம் செய்கிற குச்சியும் தவிர ஒன்றுமில்லை, ஒன்றுமில்லாததற்குப் பூட்டு. ராத்திரி அவன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போன பிறகும் பூட்டித்தான் வைப்பாள். ஏன் என்று கேட்டால், பெட்டி காலின்னு களவாணிக்கு லெட்டரா போட்டிருக்கு என்பாள். துப்பாக்கி ஒரு கைப்பிள்ளை. கட்டிலில் போட்டுவிட்டுக் குளிக்கப் போக முடியாது, மூலையில் சாத்திவிட்டுக் கண்ணசர முடியாது, ஒன்று பூட்டுக்குள் இருக்கணும், இல்லை உரியவன் கையில் இருக்கணும். இது பட்டாளத்தில் படித்த பாடம், ரெஜினாள் சொல்லித் தெரிந்ததில்லை. அப்படித்தான் நினைக்கிறான். நேற்றிலிருந்து எதையும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

நேற்றுக் காலையில் லைசென்ஸ் புதுப்பிப்பதற்காக ஸ்டேஷனுக்குப் போயிருந்தான். ரைட்டர் நல்ல மனுசர், ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு எழுதினார், பெட்டி இரும்பா, சுவரோடு முடுக்கியிருக்கா, தோட்டா தனியா, வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா. இல்லை சார், ஒரே மகள், கட்டிக்கொடுத்தாச்சு. எழுதி முடித்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டுவிட்டு, தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ரெண்டாவது சாவிக்காரங்க கையெழுத்து எங்கே சார் போடணும், வீட்டம்மாவை இப்பவே கூட்டிட்டு வரணுமா என்று இவன் கேட்டான். ரைட்டர் தலையைத் தூக்கினார். ‘எந்த ரெண்டாவது சாவி?’ அதான் சார், நாலு வருஷத்துக்கு முன்னாடி வந்த ரூல், ரெண்டு பூட்டு, ஒரு சாவி வீட்டுக்காரம்மா பொறுப்பு. ரைட்டர் எச்சில் தொட்டு ஒரு புத்தகத்தைப் புரட்டினார், புரட்டிக்கொண்டே உள்ளே பார்த்து, ஐயா இங்கே ஒரு புது ரூல் வந்திருக்கு என்று எஸ்.ஐ.யைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்ல, அவர் பல் தெரியச் சிரித்து, ‘அந்த ரூல் எல்லார் வீட்லயும் இருக்குய்யா, புஸ்தகத்துலதான் இல்ல’ என்றார். ஸ்டேஷனே சிரித்தது. இவனும் சிரித்தான். ரைட்டர் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒரு பூட்டு உருப்படியா இருந்தாப் போதும்ணே, ரெண்டாவது பூட்டைக் கழட்டி சைக்கிளுக்குப் போடுங்க என்று அனுப்பிவைத்தார். டீக்கடை வரைக்கும் அந்தச் சிரிப்பு வாயிலேயே இருந்தது. டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் கிளாசைப் பெஞ்சில் வைத்தான். புத்தகத்தில் இல்லாத சட்டத்தை நாலு வருஷமாகக் காலையும் சாயங்காலமும் ஒரு நாள் தவறாமல் நிறைவேற்றியிருக்கிறான். யார் போட்ட சட்டம். ஊரில் கேட்டால் சிரிப்பார்கள், அது பெரிசில்லை. ஏன் போட்டாள் என்பது அவனுக்குத் தெரியும் என்பதுதான் பெரிசு. தெரியும் என்று அந்த டீக்கடை பெஞ்சில்தான் தெரிந்தது.

அது நாலு வருஷத்துக்கு முன்னால் ராக்குவில் ஆரம்பித்தது. பாங்கில் கூட்டிப் பெருக்குகிற ராக்கு, ஒல்லிப்பிச்சான், எப்போதும் ஆறு மணிக்கு வருகிறவள் அன்றைக்கு அஞ்சரைக்கே பின்கதவு வழியாக வந்துவிட்டாள், கரண்டு வேறு இல்லை, வாளி எதிலோ இடித்த சத்தம்தான் முதலில் கேட்டது. இவன் எழுந்த விதமும் துப்பாக்கி தோளுக்கு ஏறிய விதமும் பட்டாளத்து வாத்தியார் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். ‘அண்ணே, நான்தாண்ணே, ராக்கு.’ அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை. பிற்பாடு அவளே டீ வாங்கிவந்து கொடுத்து, நல்லவேளை எம் பேரு ஞாபகம் வந்துச்சு, மறந்திருந்தா நீங்க சோலியை முடிச்சிருப்பீங்க என்று சிரித்துவிட்டுத் தொடைக்கப் போய்விட்டாள். ஒன்றும் நடக்கவில்லை என்பதை அவன் விரல் மட்டும் நம்பவில்லை. வலதுகை ஆள்காட்டி விரல் அந்த இருட்டிலேயே நின்றுவிட்டது, சோறு பிசையும்போதும் சட்டைப் பொத்தானைப் போடும்போதும் இன்னும் அரை மயிரிழை, இன்னும் அரை மயிரிழை என்று அது தன்பாட்டுக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. பகலில் தூங்கிப் பிழைக்கிறவனுக்குப் பகல் தூக்கம் போனால் என்ன மிச்சம். ஜன்னலுக்குப் பழைய போர்வையைக் கட்டித் தொங்கவிட்டுப் படுப்பான், போர்வையில் எத்தனை ஓட்டை என்று எண்ணிக்கொண்டே கிடப்பான். நூலகத்தில் எடுத்த புத்தகம் தலைமாட்டிலேயே கிடந்தது, தவணை தாண்டி இரண்டு தரம் ஆள் விட்டார்கள். பத்தாம் வகுப்பில் கோட்டைவிட்டவன், பட்டாளத்துப் பாசறையில் அகராதியை வைத்துக்கொண்டு தானாகவே படித்து மேலே வந்தவன், மேனேஜர் ஒட்டுகிற சுற்றறிக்கையில் பிழை கண்டுபிடித்துப் பென்சிலால் வட்டம் போடுகிறவன், அவனுக்கு ஒரு வரியைப் படித்தால் அடுத்த வரி போய்ச் சேராமல் போனது. அப்படி மூணு மாதம் போனது, மகள்கூட போனில், என்னப்பா குரலே கிணத்துக்குள்ள இருந்து வருது என்றாள்.

பிறகு அந்த மத்தியானம். இதே அறை, கட்டில் மட்டும் அந்தப் பக்கம் கிடந்தது. பெட்டிக்கு அப்போது ஒரு பூட்டுதான். தூக்கம் வராமல் எழுந்தவன் பெட்டியைத் திறந்து துப்பாக்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்ன நினைத்தான் என்று யாராவது கேட்டால் ஒன்றும் நினைக்கவில்லை என்றுதான் சொல்வான், அது நிஜமும்தான், அந்த ஒன்றுமில்லைதான் பயம், அது கிணற்றடியில் உள்ள குளிர்ச்சியைப் போல இழுத்தது. ரெஜினாள் கொல்லையிலிருந்து ஈரத்துணியை முறுக்கியபடி உள்ளே வந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். தொடைக்கிறீங்களா என்று கேட்டாள். ஆமா என்றான். துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. ‘எண்ணெய்த் துணி எங்க?’ என்றாள். எண்ணெய்த் துணி பெட்டிக்குள்ளேயே மடித்தபடி இருந்தது, சுத்தம் செய்கிற குச்சியும் அங்கேயே இருந்தது. எந்திரிங்க, சோறு போடறேன் என்றாள், துப்பாக்கியை அவன் கையிலிருந்து பிள்ளையை வாங்குகிற மாதிரி வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினாள், சாவியைத் திருப்பித் தந்தாள். ஆமாம், தந்தாள், அன்றைக்கு அவனிடமே தந்தாள். தந்துவிட்டு ராத்திரியெல்லாம் எப்படித் தூங்கினாளோ. மறுநாள் வெல்டிங்காரர் வந்து பெட்டியில் பூட்டு மாட்ட இன்னொரு கொண்டி வைத்துப் போனார். என்னடி இது என்று கேட்டதற்கு, ரேஷன் கார்டு விஷயமா ஸ்டேஷன் பக்கம் போனேன், ரைட்டர் கூப்பிட்டுச் சொன்னாரு, இப்ப புது ரூலாம், ரெண்டு பூட்டு போடணுமாம், ஒரு சாவி வீட்டம்மாகிட்ட இருக்கணுமாம், இல்லாட்டி லைசென்ஸைப் பிடுங்கிருவாங்களாம் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். ரேஷன் கார்டுக்கும் ஸ்டேஷனுக்கும் என்னடி சம்பந்தம் என்று ஒரு குழந்தை கேட்டிருக்கும். சுற்றறிக்கையில் வட்டம் போடுகிற இன்னாசிமுத்து கேட்கவில்லை. நம்பினானா, இல்லை நம்புவதற்கு இடம் கொடுத்தானா. இப்போதும் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஊருணியில் தாழ்ந்துகொண்டிருக்கிறவன் நீட்டின கொம்பு வேம்பா புளியா என்று பார்ப்பானா.

ஜன்னல் கம்பியில் ஒரு முகம் வந்தது. பக்கத்து வீட்டு ஜெபமாலை அக்கா, கையில் பால் செம்பு. ‘வந்துட்டீங்களா தம்பி? ரெஜினா ரேஷன் கடையில நிக்கிறா, மெசின்ல ரேகை விழ மாட்டேங்குதாம். நீங்க வந்தா பாத்துக்கச் சொல்லிட்டுப் போனா, நான் பால்காரன்கூட வம்பளந்துட்டு நின்னுட்டேன். கீரை எடுத்துட்டு வந்து உள்ள உக்காரவா?’ பார்த்துக்கொள்ளச் சொன்னாளாம். அந்த வார்த்தை அவனுக்குள் போய் எங்கெங்கோ விளக்கைப் போட்டது. ரெஜினாள் வத்தலக்குண்டுக்குக் கல்யாணத்துக்குப் போன காலையில் இந்த அக்கா இங்கே உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். அவசரத்துக்குத் துப்பாக்கியையும் தூக்கிக்கொண்டே இவன் கொல்லைக் கக்கூஸுக்குப் போய்வந்ததைப் பார்த்துவிட்டு, என்ன தம்பி உள்ள யாராச்சும் சரண்டர் ஆனாங்களா என்று கேட்டு, அதைத் தெரு முழுக்க ஒரு மாதம் ஓடவிட்டவளும் அவள்தான். ரெஜினாளுக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று நாளும் மகள் வந்து இருந்தாள். ரெஜினாளுக்கு வெங்காய மண்டியில் காலை வேலை இருந்த நாளெல்லாம் கொழுந்தியாள் புருசன் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வந்து நடுவீட்டில் கால் நீட்டினான், இவனுக்கு எரிச்சலாகக்கூட வரும், இந்தாளுக்குச் சோலியே இல்லையா என்று. துப்பாக்கி உள்ள வீட்டில் எப்பவும் ரெண்டு ஆள் இருக்கணும், ரூல். நாலு வருஷத்தில் அவனும் துப்பாக்கியும் மட்டும் ஒரு வீட்டில் இருந்ததே இல்லை. இன்றைக்குத்தான் முதல் தடவை. இருக்கட்டும்க்கா, அவ வந்துருவா என்றான் இன்னாசிமுத்து. சொல்லிவிட்டு, என்னவென்று யோசிக்கும் முன்பே எழுந்துபோய்ச் சட்டைப் பையிலிருந்த பீரோச் சாவியை எடுத்துக் கம்பி வழியாக நீட்டினான். இதை ரெஜினாகிட்டக் குடுத்துருங்க, என் கையில இருந்தா எங்கயாவது வெச்சுத் தொலைச்சுருவேன். அக்கா ஒரு நொடி அவன் முகத்தைப் பார்த்தாள். சாவியை வாங்கிச் செம்பு பிடித்த கையிலேயே இறுக்கிக்கொண்டாள். ‘நல்லது தம்பி’ என்று மட்டும் சொன்னாள், சிரிப்புக்காரி, அன்றைக்குச் சிரிக்கவில்லை.

திரும்ப வந்து உட்கார்ந்தான். மடியில் அதே கனம். சுவரில் பெட்டி. தரையில் ஜன்னல் வெயில் கட்டம் கட்டமாக. அந்த ஒன்றுமில்லை வருகிறதா என்று காத்திருந்தான், பல்வலி போன இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி. விரலை மடக்கி நீட்டிப் பார்த்தான். விரல் விரலாகத்தான் இருந்தது. பசித்தது. அடுப்படியில் பூண்டு உரித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், அந்த வாடைக்குத்தான் பசிக்கிறது, புளிக்குழம்பாக இருக்கும். பூட்டு மட்டுமா. பூட்டு வந்து ரெண்டாவது வாரம், லைசென்ஸுக்கு டாக்டர் சர்டிபிகேட் வேணுமாம் என்று பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள், கண் டாக்டரையும் எலும்பு டாக்டரையும் தாண்டி மாடியில் ஒரு அறை, அங்கே ஒரு சின்ன வயது டாக்டரம்மா தூக்கத்தைப் பற்றியே முக்கால் மணி நேரம் கேட்டது, எட்டு மாதம் மாத்திரை கொடுத்தது. மாத்திரை சீட்டையும் ஃபைல்ல வைக்கணுமாம் என்றாள் ரெஜினாள், வைத்தான். சர்டிபிகேட் கேட்பது நிஜம்தான், இந்தத் தடவையும் கேட்டார்கள், அதனால்தான் குழப்பமே. மாத்திரை யார் சட்டம்? பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பழைய போட்டோ ஆல்பம் பார்க்கக்கூடாது என்பது? ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாத ஆளுக்கு நன்னடத்தைச் சான்று தரமாட்டார்கள் என்பது? அப்படிச் சொல்லித்தான் நாலு வருஷமாகக் கோவிலில் கடைசி பெஞ்சிலாவது உட்கார்ந்திருக்கிறான். எது சர்க்கார், எது ரெஜினாள் என்று கோடு கிழிக்கப் பார்த்தான், கோடு நேராக வரவில்லை. சர்க்கார் சட்டம் துப்பாக்கியைப் பத்திரமாக வைக்கச் சொல்கிறது. இவள் சட்டம் இவனைப் பத்திரமாக வைத்திருக்கிறது. ஒரே பெட்டி, ஒரே சுவர்.

ஏன் இன்னும் காணோம். ரேகை விழவில்லை என்றால் எத்தனை தரம் அமுக்கச் சொல்வார்கள். வெங்காய மண்டியில் காம்பு கிள்ளிக் கிள்ளி அவள் கட்டை விரல் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது, கன்னத்தைத் தொட்டால் கூழாங்கல் படுகிற மாதிரி இருக்கும். கொஞ்சம் ரேகை அந்தக் கீழ்ப் பூட்டிலும் போயிருக்கும். நாட்டுப் பூட்டு, சாவி போட்டுத் திருகினால்தான் திறக்கவும் செய்யும் பூட்டவும் செய்யும், இறுக்கம் வேறு, எண்ணெய் விடட்டுமா என்றால் வேண்டாம், இறுக்கமா இருக்கறதுதான் பூட்டு என்பாள். காலையில் ஒரு தரம் திறக்க, ஒரு தரம் பூட்ட, சாயங்காலம் அதே மாதிரி. வெயிலில் மயங்கி விழுந்திருந்தால்? ரோட்டைக் கடக்கும்போது மணல் லாரி ஏதாவது? பயம் இப்போது அவனைப் பற்றியதாக இல்லாமல் அவளைப் பற்றியதாக இருப்பதை அவனே கவனித்தான், இதுகூட ஒரு சுகம்தான், இப்படிப் பயப்பட ஒரு ஆள் இருப்பது. அவள் இத்தனை வருஷம் இதே நாற்காலியில் இதே பயத்தோடுதான் உட்கார்ந்திருந்தாளா, பூண்டு உரித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி. ஒரு வார்த்தை சொன்னதில்லையே. கோவில் சாமியாரிடம் சொல்லியிருப்பாளோ? ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் வருஷம் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்கிறவள். பொய் சொன்னேன் சாமி, புருசன்கிட்ட. என்னம்மா பொய்? சட்டம் இருக்குன்னு பொய் சொன்னேன். இன்னும் சொல்றியா? இன்னும் சொல்றேன், நாளைக்கும் சொல்லுவேன். விடப்போவதில்லை என்று சொல்கிற பாவத்துக்கு மன்னிப்பு கொடுக்க முடியாதே, அவர் என்ன செய்திருப்பார் பாவம், மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பியிருப்பார். நாலு தவக்காலம். இவனுக்காக மன்னிப்பில்லாமல் நாலு வருஷம் நடமாடியிருக்கிறாள். அவனுக்கு யாரையோ கும்பிட வேண்டும்போல இருந்தது. கையில் துப்பாக்கி இருந்தது, கும்பிட முடியவில்லை.

கேட்டு கிரீச்சிட்டது. அவள்தான், அந்தச் செருப்புச் சத்தம் தெரியும், வலதுகால் கொஞ்சம் தேய்க்கும். ஜெபமாலை அக்காவின் குரலும் ஏதோ தணிவாகக் கேட்டது. இன்னாசிமுத்துவுக்கு அப்போதுதான் தன் கோலம் தெரிந்தது. வீட்டில் தனி ஆள், மடியில் துப்பாக்கி, எதிரே நிலைப்படி. அவள் உள்ளே வந்ததும் முதலில் கண்ணில் படப்போவது இதுதான், அந்த மத்தியானம் பட்ட மாதிரியே. எண்ணெய்த் துணி பெட்டிக்குள், பூட்டுக்குள். எழுந்து துப்பாக்கியை அணைத்தபடியே அடுப்படிக்கு ஓடினான். கண்ணில் பட்டது கரித்துணிதான், குக்கர் இறக்குகிற துணி, அதில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்தான், வந்து உட்கார்ந்து உறையைக் கழற்றிக் குழலைத் துடைக்க ஆரம்பித்தான். தாழை எடுக்க வேண்டுமே. மறுபடி எழுந்து கதவைத் திறந்துவிட்டு வந்து மறுபடி துடைத்தான்.

ரெஜினாள் அரிசிப் பையை நிலைப்படியில் இறக்கினாள். முகமெல்லாம் வேர்வை. அவள் கண் முதலில் அவன் மடிக்குத்தான் போனது, பிறகு துணிக்கு, பிறகு அவன் முகத்துக்கு. ஒரு மூச்சு விட்டாள். என் ரேகை அழிஞ்சே போச்சாம், நாலு தரம் அமுக்கச் சொல்லிட்டுக் கடைசியில கண்ணைக் காட்டுன்னுட்டான் என்றாள், கண்ணாவது எனக்கு இருக்கே என்றாள். பிறகு, என் கரித்துணியை எதுக்கு எடுத்தீங்க, தேங்காய் எண்ணெய் வேறயா, துப்பாக்கிக்குத் தலைவாரிவிடப் போறீங்களா என்றாள். அவன் சிரித்தான். அவள் சிரிக்காமல் உள்ளங்கையைத் திறந்தாள். பீரோச் சாவி.

‘இதை ஏன் அக்காகிட்டக் குடுத்தீங்க?’

துடைத்துக்கொண்டே இருந்தான். குழலில் எண்ணெய் கண்டபடி மினுங்கியது, நாளைக்கு மெனக்கெட்டு இதை எல்லாம் எடுக்கணும். நேற்று முழுக்க நாக்கு நுனியில் இருந்தது, தெரியும் ரெஜினா, எனக்குத் தெரியும் என்ற வார்த்தை. சொன்னால் என்ன ஆகும். பூட்டைக் கழற்றிச் சைக்கிளுக்குப் போட வேண்டியதுதான். சொன்ன பிறகு அவள் எந்தச் சட்டத்தைக் காட்டி அவனைச் சாப்பிடச் சொல்வாள், யார் பேரைச் சொல்லிக் கோவிலுக்குக் கூப்பிடுவாள்.

‘நேத்து ரைட்டர் சொன்னாரு’ என்றான். ‘ரூலை இன்னும் இறுக்கிட்டாங்களாம். தோட்டாச் சாவியும் இனிமே வீட்டம்மா கையிலதான் இருக்கணுமாம். இந்த லைசென்ஸ் முடியற வரைக்கும், அஞ்சு வருஷத்துக்கு.’

ரெஜினாள் முந்தானையால் முகத்து வேர்வையைத் துடைத்தாள்.

‘ரைட்டரா சொன்னாரு?’

‘ரைட்டர்தான்.’

‘எழுத்துலயே இருக்கா?’

‘எழுத்துல இருக்கு.’

அவள் பீரோச் சாவியை ஒருதரம் புரட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். ஈஸ்டருக்கு முன்னால் இனி இரண்டு பேருமாகத்தான் சாமியாரிடம் போக வேண்டியிருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. திரும்புங்க என்றாள். துப்பாக்கியை அவள் கையில் கொடுத்துவிட்டு அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். சேலை சரசரப்பு. கீழ்ப் பூட்டு முனகித் திறந்தது, பெட்டிக் கதவு திறந்தது, துப்பாக்கி உள்ளே போய்ச் சாய்கிற அந்த மெத்தென்ற சத்தம், கதவு சாத்தியது, கீழ்ப் பூட்டு இறுக்கமாகத் திருகி விழுந்தது. பின்னால் கையை நீட்டித் தன் சாவியைக் கொடுத்தான், மேல் பூட்டையும் அவளே பூட்டினாள். சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்த இடம் ஒன்று வாத்து மாதிரி இருந்தது, நாலு வருஷமாகப் பார்த்துப் பழகிய வாத்து. அதையே பார்த்துக்கொண்டு அவள் ‘ம்’ சொல்வதற்காக நின்றான். அன்றைக்கு அவள் அதைச் சொல்ல வெகுநேரம் ஆனது.